பெண்ணிய நிகழ்த்துகவிதை இரவு: நேரம், மைக், மேடை ஒழுங்கு – எது எங்கே சறுக்கும்?

கார்துளி (இழையைத் தொடங்கியவர்)

80 பேர் உட்காரும் கூடம், இரண்டரை மணி நேரம், ஒரு மைக், இரண்டு ஸ்பீக்கர். இதை வைத்து ஒரு பெண்ணிய ஸ்போக்கன் வேர்ட் (மேடையில் நிகழ்த்தும் கவிதை) இரவுக்குத் திட்டம் போடுகிறோம். முதல் வரைவு: அழைத்து வரும் சிறப்புக் கவிஞர்கள் 2 பேர், ஓப்பன் மைக்கில் (விரும்புபவர் பெயர் கொடுத்து வாசிக்கும் பகுதி) 20 பேர், ஆளுக்கு 3 நிமிடம், கடைசியில் ஸ்லாம் என்னும் கவிதைப் போட்டி மாதிரி மதிப்பெண் போட்டு ஒரு பரிசு. ஆண்கள் வாசிக்கலாமா என்பதில் குழுவுக்குள்ளேயே இரண்டு கட்சி. படம் எடுப்பது, வன்முறை பற்றிய கவிதைகளுக்கு முன்னறிவிப்பு, இதிலெல்லாம் எந்த முடிவும் இல்லை. "மனசு வைத்தால் எல்லாம் நடக்கும்" வகைப் பதில் வேண்டாம். எது எங்கே சறுக்கும், ஏன் என்று சொல்லுங்கள்.

கடிகாரமுள்

உங்கள் கணக்கிலேயே முதல் சறுக்கல் இருக்கிறது. 20 பேர், ஆளுக்கு 3 நிமிடம், ஆக ஒரு மணி நேரம் என்று போட்டிருப்பீர்கள். மேடையில் ஒரு ஆளுக்குச் செலவாவது 5 நிமிடம். பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து வர 20 நொடி, மைக் உயரம் மாற்ற 15 நொடி, "இந்தக் கவிதை எப்படிப் பிறந்தது என்றால்" 30 நொடி, கவிதை 3 நிமிடம், கைதட்டல், இறங்குவது, தொகுப்பாளர் அடுத்தவரைக் கூப்பிடுவது. 20 பேருக்கு 100 நிமிடம் போய்விடும். சிறப்புக் கவிஞர் வரும்போது பாதிக் கூட்டம் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்.

150 நிமிடத்துக்கு 14 பேர்தான் தாங்கும். இப்படிப் பிரியுங்கள்: தொடக்கமும் விதிகளும் 5, ஓப்பன் மைக் 7 பேர் 35, முதல் சிறப்புக் கவிஞர் 15, இடைவேளை 20, அடுத்த 7 பேர் 35, இரண்டாம் சிறப்புக் கவிஞர் 20, முடிப்பு 5. கூட்டினால் 135. மிச்சம் 15 நிமிடத்தில் எதையும் போடாதீர்கள். "இடம் இருக்கே, இன்னும் மூணு பேரைச் சேர்ப்போம்" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். அந்த 15 நிமிடம் நாற்காலி நகர்த்தவும் அறுந்த கேபிளுக்கும் அழுதவருக்கும் உரியது.

சிறப்புக் கவிஞரைக் கடைசியில் மட்டும் நிறுத்தாதீர்கள். முதல் பாதி முடிவில் ஒருவர், இரண்டாம் பாதி முடிவில் ஒருவர். இடைவேளையில் கிளம்பிவிடுபவர்களும் ஒருவரையாவது முழுதாகக் கேட்டிருப்பார்கள்.

சொல்லேருழவி

கடிகாரமுள் சொன்னதை நேரக் கட்டுப்பாடு என்று மட்டும் படிக்க வேண்டாம். பெண்ணிய இரவு என்பது கவிதையின் பொருளில் இல்லை, மைக் யார் கையில் எத்தனை நிமிடம் இருந்தது என்பதில் இருக்கிறது. வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை என்று 40 நிமிடத்தைக் கொடுத்துவிட்டு, முதன்முறை வாசிக்க வந்தவரிடம் "சீக்கிரம் முடிம்மா" என்று சொல்கிற மேடையில் எந்தக் கவிதை வாசித்தாலும் அது பழைய மேடைதான். உரை எதுவும் வேண்டாம். தொகுப்பாளரின் மொத்தப் பேச்சு இரண்டரை மணி நேரத்தில் 15 நிமிடத்தைத் தாண்டினால் அவரும் ஒரு பேச்சாளராகிவிட்டார் என்று பொருள்.

பெயர்ப் பதிவை "முதலில் வருபவருக்கு முதலில்" என்று வைக்காதீர்கள். வேலை முடித்து, வீட்டைப் பார்த்துவிட்டு வருபவர் எப்போதும் பின்னால்தான் வருவார். அரை மணி முன்னால் வர முடிகிறவர்கள் எல்லா இடத்தையும் நிரப்பிவிடுவார்கள். குலுக்கல் போடுங்கள். 14 இடத்தில் 4 இடம் இதுவரை மேடை ஏறாதவர்களுக்கு, 3 இடம் முன்பதிவு (தூரத்திலிருந்து வருபவர், குழந்தையோடு வருபவர், உதவி தேவைப்படுபவர்), மிச்சம் 7 குலுக்கல். சீட்டுப் பெட்டியைத் தொடங்குவதற்கு 10 நிமிடம் முன்பு மூடினால் போதும்.

நிழல்வரி

புதியவர்கள எந்த வரிசையில வைக்கிறீங்கங்கறதும் முக்கியம். முதல் ஆளா போடாதீங்க, அரங்கு இன்னும் சூடாகியிருக்காது. சிறப்புக் கவிஞருக்கு அடுத்த ஆளாவும் போடாதீங்க, ஒப்பிட்டுப் பாத்தே சுருங்கிடுவாங்க. 3லேருந்து 6வது இடம் சரி. முதல் ஆள் உங்க குழுவுலேருந்தே போகட்டும். சரியா ரெண்டரை நிமிஷத்துல முடிக்கிற ஆளா இருக்கணும். எவ்வளவு பேசலாம், எப்படி இறங்கலாம்ங்கறத மத்தவங்க அவங்களப் பாத்துத்தான் கத்துப்பாங்க. முதல் ஆள் ஆறு நிமிஷம் எடுத்தா அன்னிக்கு ராத்திரி முழுக்க ஆறு நிமிஷம்தான்.

மூன்றாம்வரிசை

ஸ்லாம் பற்றி. மதிப்பெண் போடுவதென்றால் அதன் விதிகளை முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள், அரைகுறையாக வேண்டாம். மார்க் ஸ்மித் என்ற கவிஞர் சிகாகோவில் தொடங்கி, 1986 முதல் கிரீன் மில் என்ற மதுக்கூடத்தில் வாராவாரம் நடத்திய வடிவம் அது. பிறகு பரவியபோது நிலைத்த விதிகள் இவை: நடுவர்கள் 5 பேர், பார்வையாளரிலிருந்து அந்த இடத்திலேயே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். 0 முதல் 10 வரை, ஒரு தசமத்தோடு மதிப்பெண். மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் நீக்கிவிட்டு நடுவிலுள்ள மூன்றைக் கூட்டுவார்கள், ஆக அதிகபட்சம் 30. சொந்தக் கவிதை, 3 நிமிடம், 10 நொடி சலுகை, அதற்குப் பிறகு ஒவ்வொரு 10 நொடிக்கும் அரைப் புள்ளி கழிவு. வேடம், பொருட்கள், இசைக்கருவி கூடாது.

இதில் தெரிந்த கோளாறு ஒன்று: இரவு ஏற ஏற மதிப்பெண்ணும் ஏறும். முதலில் வாசித்தவர் 7.5 வாங்கிய அதே தரத்துக்குப் பத்தாவது ஆள் 9 வாங்குவார். இதற்காகத்தான் போட்டியில் இல்லாத ஒருவரை முதலில் வாசிக்கவைத்து நடுவர்களின் கையைப் பழக்குவார்கள். அப்படியும் முழுதாகச் சரியாகாது.

சொல்லேருழவி

வடிவம் இருக்கட்டும். ஒருத்தி தன் மேல் நடந்த வன்முறையை வாசித்துவிட்டு இறங்குகிறாள், ஐந்து பேர் அட்டையைத் தூக்கி 7.2 என்று காட்டுகிறார்கள். இந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள். பெண்ணிய இரவில் மதிப்பெண் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மதிப்பெண் இருந்தால் எழுதுகிறவர்களும் அதற்கு ஏற்ப வலியைக் கூட்டுவார்கள். யாருடைய காயம் பெரிது என்ற போட்டி வரும்.

மூன்றாம்வரிசை

இதில் பாதிதான் ஒப்புக்கொள்வேன். 2008இலிருந்து பெண்களுக்கென்றே தனி உலக ஸ்லாம் போட்டி அமெரிக்காவில் நடந்திருக்கிறது. போட்டியும் பெண்ணியமும் ஒட்டாது என்று சொல்ல முடியாது. நகைச்சுவை, கோபம், பகடி என்று எழுதுபவர்களுக்குப் போட்டி ஒரு உந்துதல். ஆனால் 14 பேர் கொண்ட, பாதிப் பேர் புதியவர்களான முதல் நிகழ்வுக்கு வேண்டாம் என்பதில் மறுப்பு இல்லை. விரும்பியவர்களுக்கு மட்டும் என்று பின்னால் தனி இரவு வையுங்கள். அப்போதும் தன் அனுபவத்தை வாசிக்கிறவர் "மதிப்பெண் வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லும் வசதி இருக்கட்டும்.

கார்துளி

மதிப்பெண்ணை எடுத்துவிட்டோம். 14 பேர், குலுக்கல், இரண்டையும் எழுதிக்கொண்டேன். நேரம் தாண்டுபவரை நிறுத்துவது எப்படி? மணி அடிக்கலாமா?

கடிகாரமுள்

மணி வேண்டாம். கவிதையின் கடைசி வரியில் மணி விழுந்தால் கவிதை செத்தது, கேட்டவர்களுக்கு மணிதான் நினைவிருக்கும். முதல் வரிசை நடுவில் ஒருவர் உட்கார்ந்து ஒளியால் காட்டட்டும். 2 நிமிடம் 30 நொடியில் மஞ்சள், 3 நிமிடத்தில் சிவப்பு, 3.30இல் சிவப்பை மெல்ல ஆட்டுவது. 4 நிமிடம் ஆனால் தொகுப்பாளர் மேடை ஓரத்தில் வந்து நிற்பார், பேசமாட்டார். பெரும்பாலானவர்கள் அங்கேயே முடித்துவிடுவார்கள். 4.30இல் கைதட்டலைத் தொடங்கிவைக்க வேண்டும். மைக்கை அணைப்பது கடைசி வழி, அதுவும் வெறுப்புப் பேச்சுக்கு மட்டும்.

இந்த வரிசையை எல்லாருக்கும் ஒரே மாதிரி செய்யுங்கள். தெரிந்த கவிஞருக்கு 6 நிமிடம் விட்டுவிட்டுப் புதியவருக்கு 4இல் கைதட்டினால் அரங்கு அதைக் கவனிக்கும்.

ஒலிப்பெட்டி

மைக் பற்றி ஒருவரும் இன்னும் பேசவில்லையே. கவிதை இரவுகள் கெடுவது பாதி இங்கேதான்.

டைனமிக் வகை, கார்டியாய்டு (முன்பக்க ஒலியையே அதிகம் வாங்கும்) மைக் ஒன்று போதும். ஷூர் எஸ்எம்58 எங்கும் கிடைக்கும், கீழே விழுந்தாலும் பிழைக்கும். அதேபோல இன்னொன்று மாற்றாக இருக்கட்டும், மாற்றுக் கேபிளும் ஒன்று. கம்பியில்லா மைக் தேவையே இல்லை. ஒரே இடத்தில் நின்று வாசிக்கும் நிகழ்வுக்கு பேட்டரிக் கவலை எதற்கு?

ஸ்பீக்கர் இரண்டும் மைக்குக்கு முன்னால், அதாவது பார்வையாளர் பக்கம், குறைந்தது ஒரு மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். மைக்குக்குப் பின்னால் வைத்தால் ஸ்பீக்கர் ஒலி மைக்கில் புகுந்து கீச்சிடும். ஸ்பீக்கரின் மேல்பகுதி உட்கார்ந்திருப்பவர் தலைக்கு மேலே வர வேண்டும், இல்லாவிட்டால் முதல் வரிசை ஒலியை மறைத்துக்கொள்ளும், பின்வரிசைக்குச் சொல் போகாது.

மைக்கின் தலையிலுள்ள கம்பிவலையைக் கையால் பொத்திப் பிடிக்கிறவர்கள் நிறைய. அப்படிப் பிடித்தால் பின்பக்கத் துளைகள் அடைபட்டு, மைக் எல்லாத் திசையிலிருந்தும் ஒலியை வாங்கத் தொடங்கும். கீச்சு வரும், குரலும் குடத்துக்குள் பேசுவது போல ஆகும். மைக்கின் உடலைப் பிடியுங்கள், தலையைப் பிடிக்காதீர்கள் என்று தொகுப்பாளர் தொடக்கத்திலேயே ஒரு முறை செய்து காட்டட்டும்.

தூரம்: வாயிலிருந்து நான்கு விரல் அகலம். தூரம் இரட்டிப்பானால் ஒலி சுமார் 6 டெசிபெல் குறையும். 5 செ.மீ.யில் பேசியவர் 20 செ.மீ.க்குப் பின்வாங்கினால் 12 டெசிபெல் போச்சு. கத்தும்போது பின்வாங்குவது நல்லது. மெல்லப் பேசும் வரிகளில் பின்வாங்குவதுதான் சிக்கல், கவிதையின் முக்கியமான வரி அங்கேதான் இருக்கும். மெல்லப் பேசும்போது கிட்டே வாருங்கள்.

மிக்சரில் (ஒலி அளவைச் சரிசெய்யும் கருவி) 100 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள தாழ்ந்த ஒலியை வெட்டும் பொத்தானை அழுத்திவிடுங்கள். மேடைப் பலகையின் தட்தட்டும் காற்றின் குமுறலும் போய்விடும். 'ப'வில் தொடங்கும் சொற்கள் மைக்கில் 'பொப்' என்று வெடிக்கும். "பெண்", "பசி", "பயம்", "பேசு" என்று இந்த மாதிரி இரவில் வருவதெல்லாம் பகரம்தானே! மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் முகவாய்க்குக் கீழே இருந்து சாய்வாக மேல்நோக்கி வையுங்கள். காற்று மைக்குக்கு மேலே போய்விடும். ஒரு பஞ்சு உறையும் போடுங்கள்.

ஒலிச் சோதனையை "ஹலோ, ஒன்று இரண்டு மூன்று" என்று செய்வதில் பயனில்லை. கவிதையின் உரத்த வரியையும் மெல்லிய வரியையும் சொல்லச் சொல்லுங்கள். சிறப்புக் கவிஞர்களுக்கு ஆளுக்கு 5 நிமிடம் இப்படிச் சோதித்தால் போதும். மற்றவர்களுக்கு மிக்சரில் ஒருவர் கையை வைத்துக்கொண்டே உட்கார வேண்டும். ஒருவர் நடுங்கி வாசிப்பார், அடுத்தவர் முழங்குவார், அளவை ஒரே இடத்தில் விட்டால் இருவருக்கும் கெடுதல்.

நிழல்வரி

ஸ்டாண்ட் உயரம்! யாரோ உயரமான ஆளுக்கு வச்ச ஸ்டாண்ட அப்படியே விட்டுட்டு, குட்டையா இருக்கறவங்க நுனிக்கால்ல நின்னு வாசிக்கறதுதான் வழக்கமா நடக்குது. வாசிக்க வர்றவங்க அந்தத் திருகோட மல்லுக்கட்டக் கூடாது. பதட்டத்துல கை வழுக்கும், ஸ்டாண்ட் சரிஞ்சு இறங்கும், கூட்டம் சிரிக்கும், கவிதை போச்சு. ஒருத்தர் மேடையோரம் நின்னு ஒவ்வொரு ஆளுக்கும் சரிபண்ணிட்டு இறங்கணும். அஞ்சு நொடி வேலை.

ஒலிப்பெட்டி

சரியான குறிப்பு. ஒன்று சேர்க்கிறேன்: சக்கர நாற்காலியில் வருபவருக்கு வட்ட அடித்தட்டுள்ள நேர் ஸ்டாண்ட் உதவாது. உயரம் போதுமான அளவு இறங்கும், ஆனால் அடித்தட்டு கால்வைக்கும் பலகையில் இடித்து மைக் எட்டாமல் நிற்கும். கிடைக்கை நீட்டும் பூம் ஸ்டாண்ட் வேண்டும். நின்று வாசிப்பவருக்கு வட்டத்தட்டு நல்லது, மூன்று கால் ஸ்டாண்டில் புடவையோ துப்பட்டாவோ மாட்டும். இரண்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைத்தாள்

எனக்கு மைக்கே பிடிக்காது. 80 பேர்தானே, கவிஞர் மைக்கை விட்டுவிட்டு முன்னால் வந்து வாசித்தால் நெருக்கம் வரும். சிலர் அதைக் கேட்பார்கள். அனுமதிக்கலாம்.

மூன்றாம்வரிசை

அனுமதிக்கக் கூடாது. "என் குரல் எல்லாருக்கும் கேட்கும்" என்பவருக்குத் தன் குரல் கேட்கிறது, அவ்வளவுதான். காது கொஞ்சம் மந்தமானவர் கையைத் தூக்கி "கேட்கவில்லை" என்று சொல்லமாட்டார், பேசாமல் உட்கார்ந்திருப்பார். கேட்புக் கருவிக்கு நேரே ஒலி அனுப்பும் வசதி கூடத்தில் இருந்தால் அதுவும் மைக் வழியாகத்தான் போகும். பதிவும் வீணாகும். மைக் எல்லாருக்கும் கட்டாயம் என்று விதி போடுங்கள். நெருக்கம் வேண்டுமென்றால் நாற்காலிகளை அரைவட்டமாகப் போட்டு முதல் வரிசையை மேடைக்கு ஒன்றரை மீட்டரில் வையுங்கள்.

சைகைமொழி பெயர்ப்பாளர் இருந்தால் கவிதைகளை ஒரு வாரம் முன்பே அவருக்குக் கொடுங்கள். கவிதையை அந்த நேரத்தில் கேட்டு அப்போதே கையில் கொண்டுவருவது, உவமையும் சிலேடையுமாக வந்தால், நியாயமில்லாத எதிர்பார்ப்பு. இருவர் வேண்டும், 20 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள். அவர் மேல் தனி விளக்கு. "சூழலுக்காக" எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு அவரை இருட்டில் நிறுத்தும் தவறு நிறைய நடக்கிறது.

வெள்ளைத்தாள்

சரி, மைக் விஷயத்தில் தோற்றேன். எழுத்துப் பக்கம் வருகிறேன், யாரும் அதைத் தொடவில்லை.

தாளில் நன்றாக இருக்கும் புதுக்கவிதை காதில் விழுந்து நிற்பதில்லை. வரிமுறிவு கண்ணுக்குத்தான், காதுக்கு மூச்சுதான் வரி. தட்டச்சுப் பிரதியை எடுத்து, வாய்விட்டுப் படித்து, மூச்சு வாங்கும் இடமெல்லாம் ஒரு சாய்கோடு போடுங்கள். எட்டுப் பத்துச் சொல்லுக்கு மேல் கோடில்லாமல் போனால் அந்த வாக்கியம் மேடையில் திணறும்.

தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. நம் வினைமுற்று கடைசியில் வரும். "சமைக்கிறேன், துவைக்கிறேன், துடைக்கிறேன், காத்திருக்கிறேன்" என்று வரிசையாக முடிந்தால் முதல் இரண்டு வரிக்குத் தாளம் மாதிரி இருக்கும், மூன்றாவதில் பட்டியலாகிவிடும், நான்காவதைக் கேட்பவர் கேட்பதே இல்லை. வினையை உடைக்க வேண்டும்: "துவைத்தது போக, துடைத்தது போக, காத்திருந்தது போக, மிச்சம் நான்." பெயரில் முடிந்ததால் நிற்கிறது. கேள்வியில் முடிக்கலாம், எச்சத்தில் தொங்கவிடலாம்.

மோனை காதுக்கு உடனே கிடைக்கும். எதுகை அடுத்தடுத்த அடிகள் நீளம் ஒத்திருந்தால்தான் கேட்கும். ல, ள, ழ வேறுபாட்டையோ ன, ண வேறுபாட்டையோ நம்பிச் சிலேடை வைத்தால் வேகத்தில் தொலைந்துவிடும். "வலி"யா "வழி"யா என்று பின்வரிசைக்குத் தெரியாது. அடுத்த வரியில் பொருளை உறுதிப்படுத்துங்கள், அல்லது அந்தச் சொல்லுக்கு முன் ஒரு நொடி நில்லுங்கள்.

திரும்ப வரும் அடி ஒன்று வையுங்கள். தாலாட்டிலும் ஒப்பாரியிலும் பெண்கள் செய்துவந்தது அதுதான். திரும்ப வரும் அடி பாடுபவருக்கு மூச்சு, கேட்பவருக்குப் பிடிமானம். ஸ்போக்கன் வேர்ட் வெளியிலிருந்து வந்த வடிவம் என்று சொல்லும்போதெல்லாம் இது மறந்துபோகிறது. ஆனால் மூன்று நிமிடத்துக்கு நான்கு தடவை போதும். கடைசித் தடவை ஒரு சொல்லாவது மாறியிருக்கட்டும்.

அளவு: மேடை வேகத்தில் மூன்று நிமிடத்துக்கு 250 சொல்லைத் தாண்டாதீர்கள். நம் சொற்கள் நீளம். "விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தவள்" ஒரு சொல்தான், சொல்லிப் பாருங்கள் எத்தனை நொடி என்று. வீட்டில் கடிகாரம் வைத்துப் படித்தால் 2 நிமிடம் 40 நொடிக்குள் வர வேண்டும். மேடையில் இடைவெளியும் கைதட்டலும் அதை 3 ஆக்கிவிடும்.

தாளில் வாசிப்பவர்: 16 புள்ளி எழுத்து, ஒரு பக்கம் மட்டும் அச்சு, கெட்டித் தாள், பின் அடிக்காமல் தனித்தனியாக. மெல்லிய தாள் கை நடுக்கத்தை இரண்டு மடங்காகக் காட்டும், சலசலப்பு மைக்கில் விழும். பக்கம் திரும்புவது கண்ணியின் முடிவில் வரும்படி அமையுங்கள். கைபேசியில் வாசிப்பவர்: விமானப் பயன்முறை, திரை தானாக அணைவதை நிறுத்துவது, எழுத்தைப் பெரிதாக்குவது. நடுவில் திரை அணைந்து விரல்ரேகை கேட்கும் அந்த நாலு நொடி மிக நீளமானது. எதில் வாசித்தாலும் முதல் நான்கு வரியும் கடைசி நான்கு வரியும் மனப்பாடமாக இருக்கட்டும், அப்போது மட்டுமாவது முகத்தைப் பார்க்கலாம்.

கார்துளி

"மிச்சம் நான்" எடுத்துக்கொண்டேன் :) அடுத்து முன்னறிவிப்பும் பதிவும். இதில்தான் எங்கள் குழு முட்டி நிற்கிறது. "முன்னாடியே சொல்லிவிட்டால் கவிதையின் அதிர்ச்சி போய்விடும்" என்கிறார் ஒருவர்.

சொல்லேருழவி

அதிர்ச்சியை மட்டும் நம்பியிருக்கும் கவிதை என்றால் போகட்டும். முன்னறிவிப்பு என்பது கதைச்சுருக்கம் அல்ல, பொருளின் பெயர் மட்டும். "அடுத்த கவிதையில் பாலியல் வன்முறை பற்றிய குறிப்பு இருக்கிறது. மூன்று நிமிடம். வெளியே போய் வர விரும்புபவர்கள் இப்போது போகலாம்." பிறகு 15 நொடி மௌனம். அந்த 15 நொடியை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். அறிவித்த கணமே கவிதை தொடங்கினால் யார் எழுந்து போவது? வெளியேறும் கதவு மேடையைக் கடந்து போகும்படி இருந்தால் யாரும் எழமாட்டார்கள், எல்லாரும் பார்ப்பார்களே. பின்கதவு, கிறீச்சிடாத கீல், வெளியே விளக்கும் இரண்டு நாற்காலியும். அங்கே ஒருவர் இருக்க வேண்டும், ஆனால் "என்ன ஆச்சு" என்று கேட்கக் கூடாது. தண்ணீர் கொடுத்தால் போதும். ஆலோசனை வேண்டுபவருக்கு உதவி எண்கள் அச்சிட்ட சிறு தாள், கழிப்பறைக்குள்ளும் ஒட்டியிருக்கட்டும். கையை நீட்டி வாங்கத் தயங்குபவர்கள் அங்கே பார்த்துக்கொள்வார்கள்.

கனமான கவிதைகள் இரண்டு அடுத்தடுத்து வந்தால் தொகுப்பாளர் வரிசையை மாற்றலாம். இதற்காகப் பெயர்ப் பதிவுச் சீட்டிலேயே "முன்னறிவிப்பு தேவையா?" என்று ஒரு கட்டம் வையுங்கள். அப்படியொரு கவிதை முடிந்ததும் தொகுப்பாளர் பாய்ந்து வந்து "அடடா, கண் கலங்கிடுச்சு" என்றோ, இறுக்கத்தைக் குறைக்க ஒரு நகைச்சுவையோ சொல்லக் கூடாது. பத்து நொடி அமைதி. பிறகு வாசித்தவரின் பெயர். பிறகு கைதட்டல்.

இன்னொன்று, கவிதையில் உயிரோடிருக்கும் ஆளின் பெயரோ அடையாளம் காணும் விவரமோ வேண்டாம் என்று சீட்டிலேயே எழுதிவிடுங்கள். எழுதியவர் சொல்வது பொய் என்பதால் இல்லை. பதிவு வெளியே போனால் அவதூறு வழக்கின் முதல் அடி விழுவது அவர் மேல்தான்.

மூன்றாம்வரிசை

பதிவுக்கு இரண்டு முறை சம்மதம் வாங்குங்கள். வாசிப்பதற்கு முன் ஒரு முறை, முடிந்து இரண்டு நாள் கழித்து ஒரு முறை. மேடையின் சூட்டில் "போட்டுக்கோங்க" என்பவர் மறுநாள் காலை வேறு மாதிரி நினைக்கலாம். இரண்டாவது "ஆம்" வராமல் எதையும் வெளியிடாதீர்கள். பதில் வராவிட்டால் "இல்லை" என்றுதான் கொள்ள வேண்டும். நேரலை என்றால் இந்த இரண்டாவது கதவே கிடையாது, அதனால் நேரலை வேண்டாம்.

பார்வையாளரைப் படமெடுப்பதற்கு வண்ண ஒட்டிகள் பலர் பயன்படுத்துகிறார்கள், சிவப்பு என்றால் எடுக்காதே என்று. குறை என்னவென்றால் ஒட்டி நெஞ்சில் இருக்கும், படமெடுப்பவர் பின்னால் நிற்பார். அதைவிட எளிது: இடப்பக்க இருக்கைகள் முழுதும் படமில்லாப் பகுதி. கேமரா அந்தப் பக்கமே திரும்பாது. படமெடுப்பவர் ஒருவர்தான், மற்றவர்களின் கைபேசி பையில்.

கூர்முனை

ஆண்கள் வாசிக்கலாமா என்ற கேள்வியை எல்லாரும் நாசூக்காகத் தாண்டிவிட்டீர்கள். என் பதில்: பார்வையாளராக வரட்டும், மைக் வேண்டாம். அவர்களுக்கு மைக் கிடைக்காத இரவு எது?

மூன்றாம்வரிசை

முதல் சில நிகழ்வுகளுக்கு அது சரியான விதி. ஆனால் அறிவிப்பில் எழுதும் சொல்லைப் பார்த்து எழுதுங்கள். "பெண்கள் மட்டும்" என்று போட்டுவிட்டு, திருநங்கைகள் வருவார்கள், திருநம்பிகள் வருவார்கள், இரண்டிலும் அடங்காதவர்கள் வருவார்கள் என்று மனதுக்குள் நினைத்தால் போதாது. எழுதாவிட்டால் வாசலில் நிற்பவர் தன் தோற்றக் கணக்கில் முடிவெடுப்பார். யார் யார் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். யாரையும் நிரூபிக்கச் சொல்லமாட்டோம் என்பதையும் சேருங்கள்.

நிழல்வரி

எனக்கு முழுத் தடை வேண்டாம்னு தோணுது. 14ல ரெண்டு இடம்னு வரம்பு வச்சா போதும். ஆனா ஒரு நிபந்தனை: பெண் குரல்ல, "நான் ஒரு பெண், எனக்கு வலிக்குது"ன்னு எழுதிட்டு வர்ற ஆண் கவிதை வேணாம். தன்னப் பத்தி, தன் வீட்டுல தான் என்னவா இருக்கேன்னு எழுதட்டும். அது எழுதக் கஷ்டம். பாதிப் பேர் அதுக்கப்புறம் பேரே குடுக்க மாட்டாங்க.

கூர்முனை

அந்த இரண்டு இடத்துக்காகக் காத்திருக்கும் பட்டியலில் இரண்டு பெண்கள் நிற்பார்கள் என்பது மட்டும்தான் என் மறுப்பு. மற்றபடி உங்கள் நிபந்தனை பிடித்திருக்கிறது.

சொல்லேருழவி

பணம் பற்றி ஒரு வரி. சிறப்புக் கவிஞருக்கான ஊதியத்தை முதலில் ஒதுக்கிவிட்டுப் பிறகுதான் கூடம், சுவரொட்டி என்று பாருங்கள். "விழிப்புணர்வுக்காக" என்று பெண்களிடம் இலவச உழைப்பு கேட்பது வீட்டில் நடப்பதுதானே? தொகை குறைவாக இருந்தாலும் அழைப்பிலேயே எழுதுங்கள். பயணச் செலவு தனி. நிகழ்வு முடிந்த இரவே கையில் கொடுங்கள்.

கார்துளி

திருத்திய திட்டம்: 14 பேர் (4 புதியவர், 3 முன்பதிவு, 7 குலுக்கல்), மதிப்பெண் இல்லை, உரைகள் இல்லை, நேரலை இல்லை. மைக் எல்லாருக்கும் கட்டாயம், ஸ்டாண்டுக்குத் தனி ஆள், மிக்சருக்குத் தனி ஆள், பின்கதவில் ஒருவர், முதல் வரிசையில் மஞ்சள் சிவப்பு ஒளியோடு ஒருவர். ஆண்கள் விஷயத்தில் முதல் மூன்று இரவுக்கு மைக் இல்லை, பிறகு மறுபடி பேசுவோம் என்று குழுவில் முடிவு. இடப்பக்கம் படமில்லாப் பகுதி. எதாவது விட்டுப்போச்சா?

ஒலிப்பெட்டி

இடப்பக்கம் என்பது பார்வையாளருக்கு இடமா, மேடைக்கு இடமா? தாளில் "கதவுப் பக்கம்" என்று எழுதுங்கள். கேபிளைத் தரையோடு டேப் போட்டு ஒட்டுங்கள், அந்தக் கதவுப் பக்கம் போகாமல் மறுபக்கச் சுவரோரமாக.

கடிகாரமுள்

நான் சொன்ன மஞ்சள் சிவப்பில் ஒரு ஓட்டை. நிறம் பிரித்துப் பார்க்க முடியாதவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம். ஒளிக்குப் பதில் உள்ளங்கை அளவு எண் எழுதிய இரண்டு அட்டை, "30", "0" என்று. அட்டை மேல் சின்ன விளக்கு. நேரம் காட்டுபவருக்கும் மாற்று ஆள் வையுங்கள், அவரும் குலுக்கலில் பெயர் போட்டிருப்பார்.